குழல் முனையில் கரி எவ்வளவு, எங்கே?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எடுத்துக்கொள்கிறேன். 1/35 அளவு பிளாஸ்டிக் மாடலாக ஜெர்மனியின் டைகர் 1 டாங்கி, துனீசியா, 1943. உடல், சக்கரம், டிராக் எல்லாவற்றுக்கும் வெதரிங், அதாவது அழுக்கும் தேய்மானமும் காட்டும் பூச்சு வேலை, முடிந்துவிட்டது. பீரங்கிக் குழலில் மட்டும் கை ஓடவில்லை. குழல் முனையில் திறப்புகளோடு இருக்கும் மசில் பிரேக் முழுக்கக் கறுப்பு பிக்மென்ட் தூள் அடித்தீர்கள், தீப்பிடித்து எரிந்த டாங்கி மாதிரி ஆகிவிட்டது. துடைத்தெடுத்தீர்கள், கடையில் வாங்கிய பொம்மை மாதிரி ஆகிவிட்டது. கரி எதுவரை போகும், துரு வைக்கலாமா, உலோகப் பளபளப்பு காட்டலாமா, அடுத்துச் செய்யவிருக்கும் லெப்பர்ட் 2 டாங்கிக்கும் இதே முறை சரிவருமா, வேலையை எந்த வரிசையில் செய்வது என்று கேட்கிறீர்கள்.

முதலில் நேரடியான பதில். நீங்கள் நினைப்பதைவிடக் கரி மிகக் குறைவு. துரு அநேகமாகக் கிடையாது. பளபளப்பு இரண்டொரு இடத்தில் மட்டும். லெப்பர்டுக்கு இதே முறை சரிவராது. ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் இது கைக்கு வரும். வெறும் அளவைச் சொல்லி அனுப்பினால் அடுத்த டாங்கியில் மறுபடியும் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

ஒரு டாங்கியில் மிக அழுக்கான பகுதி அதன் அடிப்பாகம். மிகக் கவனமாகப் பேணப்படுவது குழல். மட்கார்டு நெளிந்து தொங்கினால் குழுவினர் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். குழலுக்குள் மண்ணோ துருவோ இருந்தால் அப்படி விட முடியாது. குறி தப்பும், மோசமானால் சுடும்போது குழலே பிளக்கும். அதனால் சுட்டு முடித்ததும் உட்புறத்தைத் துலக்குவது, எண்ணெய் பூசுவது, நெடும்பயணத்தில் முனைக்கு உறை மாட்டுவது எல்லாம் எந்தப் படையிலும் தட்டமுடியாத வேலை. இதற்குச் சாட்சி உங்கள் கிட்டுக்குள்ளேயே இருக்கிறது. டைகரின் உடல் மேல்தட்டில் அடுக்கி வைத்திருக்கும் தடிகள் குழல் துலக்கும் கோலின் துண்டுகள்தாம். பாந்தர் டாங்கியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு உருளைப் பெட்டி தொங்குமே, அதுவும் இதே சாமான்களை வைக்கத்தான். கையெட்டும் தூரத்தில் துலக்கும் கோலை வைத்துக்கொண்டிருப்பவர்கள் வாரக்கணக்கில் கரி படிய விடமாட்டார்கள். ஆகவே குழலில் கை வைக்குமுன் ஒரு கதையை முடிவு செய்துகொள்ளுங்கள்: இந்த டாங்கி கடைசியாக எப்போது சுட்டது? காலையில் சுட்டுவிட்டு இன்னும் போர்முனையில் நிற்கிறதா, சுட்டு இரண்டு நாளாகித் துலக்கிய நிலையில் இருக்கிறதா, ரயிலில் இருந்து இப்போதுதான் இறங்கியதா? மூன்றுக்கும் மூன்று விதமான குழல்.

கறுத்துப்போன பீரங்கி வாய் என்ற எண்ணமே நமக்குப் பழைய கருமருந்துக் காலத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக்கழிவாகவே மிஞ்சும். 1884-இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கிய பிறகு கதை மாறிவிட்டது. நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலான மருந்து பெரும்பாலும் வாயுவாகவே எரிந்து போகிறது. மிஞ்சுவது மெல்லிய சாம்பல்நிறப் படலம். டாங்கிக் குழலின் முனையில் அழுக்கே படியாது என்று சொல்லவில்லை. படியும். ஆனால் அது அடர்கறுப்பு இல்லை, பழுப்பு கலந்த சாம்பல். விரலால் தேய்த்தால் கையோடு வரும். மழை பெய்தால் பாதி போய்விடும்.

அடுத்தது அளவுக் கணக்கு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 1/35 மாடலில் குழல் முனையிலிருந்து 2 செ.மீ. தூரத்துக்குக் கரி அடித்தால் உண்மை டாங்கியில் அது 70 செ.மீ. அவ்வளவு தூரம் கரி ஓடுவதற்கு வேலையே இல்லை. உண்மையில் ஒரு சாண் நீளக் கறை என்றால் மாடலில் அது ஆறேழு மில்லிமீட்டர். மசில் பிரேக் இல்லாத குழலில் விளிம்பிலிருந்து நாலைந்து செ.மீ. வரை மங்கல் இருந்தால் மாடலில் அது ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ்ஷைவிட மெல்லிய தூரிகைக்கே உரிய வேலை அது.

இனி உங்கள் டைகருக்கு வருவோம். அதன் 8.8 செ.மீ. குழலின் முனையில் இருக்கும் மசில் பிரேக்கில் இரண்டு அறைகள், ஒவ்வொன்றுக்கும் இடமும் வலமும் திறப்பு. குண்டு வெளியே பாயும்போது அதன் பின்னாலேயே வரும் வாயு இந்த அறைகளின் முன்சுவரில் மோதி, குழலை முன்னோக்கித் தள்ளிவிட்டு, பக்கவாட்டில் சற்றுப் பின்னோக்கிப் பீறிட்டு வெளியேறும். பின்னுதைப்பைக் குறைப்பதற்கான ஏற்பாடு அது. இதை மனக்கண்ணில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் கரி எங்கே படியும் என்பது தானாகத் தெரிந்துவிடும். வாயு நேராக மோதும் சுவர், அதாவது திறப்புக்குள் டாங்கியைப் பார்த்தபடி இருக்கும் முகம், மிகவும் கறுத்திருக்கும். திறப்பின் விளிம்புகள் அதற்கு அடுத்தபடி. திறப்பிலிருந்து பின்பக்கமாக பிரேக்கின் கன்னத்தில் ஒரு மங்கல் விசிறிபோல் விரிந்து சீக்கிரமே மறையும். பிரேக்கின் உச்சியும் அடியும் மூடிய உலோகம், அங்கே வாயு தொடுவதில்லை. அந்த இரண்டு இடங்களிலும் டாங்கியின் நிறமே தெரிய வேண்டும், தூசியோடு. பிரேக்கை முழுதாகக் கறுப்பில் முக்கி எடுப்பதால்தான் அது எரிந்த டாங்கி போலத் தெரிகிறது. உங்களுக்கு நடந்ததும் இதுதான்.

பூசும் விதம். டாமியா நிறுவனப் பெயின்டில் எக்ஸ்எஃப்-1 கறுப்பும் எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பும் சமபாகம் கலந்து, அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தின்னர். ஏர்பிரஷ்ஷின் அழுத்தத்தை 10 முதல் 15 பிஎஸ்ஐக்குள் வைத்து, ஊசியைத் திறப்புக்குள் காட்டி உள்ளிருந்து வெளியே அடியுங்கள். முதல் தடவை ஒன்றுமே தெரியாது, அப்படித்தான் இருக்க வேண்டும். இன்னும் இரண்டு மூன்று தடவை. மேசை விளக்கின் கீழ் லேசாகத் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, பகல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். விளக்கடியில் சரியாக இருப்பது பகலில் கூடுதலாகத் தெரியும். பிறகு அடர்சாம்பல் பிக்மென்டைக் காய்ந்த தூரிகையில் தொட்டு, திறப்பின் உட்சுவரில் மட்டும் ஒற்றுங்கள். சுத்தக் கறுப்பு பிக்மென்ட் வேண்டாம். இந்த அளவு சிறிய உருவத்தில் சுத்தக் கறுப்பு என்பது நிறமாகத் தெரியாது, ஓட்டையாகத் தெரியும். பிக்மென்ட் கிடைக்காவிட்டால் ஓவியக் கடையில் விற்கும் சாஃப்ட் பேஸ்டல் குச்சியைப் பிளேடால் சுரண்டிய தூளே போதும். சாம்பலில் இரண்டு, பழுப்பில் ஒன்று வாங்கி வைத்தால் ஆயுளுக்கும் வரும்.

இதில் அடிநிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1943 பிப்ரவரிக்கு முந்தைய அடர்சாம்பல் நிற ஜெர்மன் டாங்கியில் இதே அளவு கரி கண்ணுக்கே தெரியாது. பாலைவன மஞ்சளில் நன்றாகத் தெரியும். ரஷ்யக் குளிர்காலத்துச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் பளிச்சென்று தெரியும். அடிக்கும் அளவு ஒன்றேதான், தெரிகிற அளவு வேறு. சாம்பல் டாங்கியில் கரி தெரியவில்லையே என்று மேலும் மேலும் அடிப்பவர்கள்தாம் கடைசியில் முனையைத் தார் டின்னில் முக்கியதுபோல் ஆக்கிவிடுகிறார்கள்.

டி-34, 75 மி.மீ. ஷெர்மன் போன்றவற்றில் மசில் பிரேக்கே இல்லை. வாயு முழுதும் முன்னோக்கிப் போய்விடும். அங்கே முனையின் வட்ட விளிம்பில் மட்டும் மங்கல், அவ்வளவுதான். டி-34 குழலுக்குக் கால்வாசி நீளம் கரி அடித்த மாடல்களுக்குப் போட்டியில் பரிசு கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அழகாகவும் இருந்தன. உண்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குழலின் உட்புறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பார்ப்பவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான். 88 மி.மீ. என்பது மாடலில் 2.5 மி.மீ. விட்டம். உள்ளே ஒரு செ.மீ. ஆழம் கண்ணுக்குத் தெரியும். அதைக் கறுப்பில் நிரப்பாதீர்கள். எண்ணெய் பூசிய எஃகின் நிறம் வேண்டும். டாமியா எக்ஸ்-10 கன்மெட்டல் அடித்து, அதன்மேல் மிக நீர்த்த கறுப்புப் பெயின்டை, அதாவது வாஷை, ஓடவிட்டால் போதும். இந்தக் குழலுக்குள் 32 சுழல்பள்ளங்கள் உண்டு. பித்தளையில் கடைந்த மாற்றுக் குழல்கள் சிலவற்றில் முனையிலேயே அவற்றை வெட்டியிருப்பார்கள், வாஷ் அந்தப் பள்ளங்களில் இறங்கினால் மிக நன்றாக இருக்கும். குண்டின் தாமிரப் பட்டை உரசி உள்ளே தாமிரச் சாயல் படிவது உண்மைதான். 1/16 அளவில் செய்கிறவர்கள் அதைக் காட்டலாம். 1/35-இல் யாருக்கும் தெரியாது, விட்டுவிடுங்கள்.

கரியைவிடக் குழலுக்கு உயிர் தருவது தூசியும் நீர்த்தடமும்தான். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். குழல் ஒரு படுத்த உருளை. அதன் முதுகில் தூசி தங்கும், விலாவில் தங்காது, அடியில் ஒட்டும். மழையோ பனியோ பட்டால் நீர் முதுகிலிருந்து இரு பக்கமும் வளைந்து இறங்கி அடியில் நடுக்கோட்டில் சொட்டும். ஆகவே நீர்த்தடம் எப்போதும் குழலைச் சுற்றி வளைவாக வர வேண்டும். நீளவாக்கில் கோடு இழுப்பது மிகப் பரவலான தவறு. உடலின் பக்கத்தட்டில் மேலிருந்து கீழாக இழுத்துப் பழகிய கை, குழலைக் கையில் கிடைத்தபடி திருப்பிப் பிடித்து அதன் நீளத்துக்கே இழுத்துவிடுகிறது. இதற்கு எளிய வழி, குழலை டரட்டில், அதாவது டாங்கியின் சுழலும் மேற்பகுதியில், பொருத்திய பிறகு, டாங்கி தரையில் நிற்கும் நிலையிலேயே தடங்களை இழுப்பது. நீர் எங்கே போகும் என்று கண் சொல்லும்.

நீளவாக்கில் ஒரே ஒரு தடத்துக்கு நியாயம் உண்டு. குழலைச் சற்று உயர்த்தி நிறுத்திய டாங்கியில் அடிப்பக்க நடுக்கோட்டில் சேர்ந்த நீர் சரிவு வழியே மேன்ட்லெட் (குழல் டரட்டுக்குள் புகும் இடத்துக் கவசம்) பக்கம் ஓடி வரும். வழியில் குழலின் தடிமன் மாறும் படிகளில் தேங்கும். அந்தப் படியின் அடியில் ஒரு சிறு அழுக்குப் பிறை வைத்தால், ஏன் என்று தெரியாமலே பார்ப்பவர் நம்பிவிடுவார்.

தூசிக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் முனைக்குக் கீழே தரையிலிருந்து மண் கிளம்பும். துனீசியாவின் வறண்ட நிலத்தில் சுட்டவுடன் முன்னால் எதுவும் தெரியாத அளவுக்குப் புழுதி எழும். அது திரும்ப இறங்குவது குழலின் முன்பாதியிலும் உடலின் முன்தட்டிலும்தான். எனவே உங்கள் டைகருக்குப் பிரேக்கின் முதுகில் நல்ல மண்தூசி வேண்டும், கரியின் மேலேயே படியட்டும். பிரேக்கைக் குழலோடு பூட்டும் வளையத்தின் இடுக்கில் மசகும் மண்ணும் கலந்த கரும்பழுப்புக் கோடு ஒன்று. ஆயில் பெயின்டில் பர்ன்ட் அம்பரோடு துளி கறுப்பு சேர்த்தால் அந்த நிறம் வந்துவிடும்.

குழலின் மறுகோடிக்கு, அதாவது மேன்ட்லெட் பக்கம் வாருங்கள். சுடும்போது டைகரின் குழல் சுமார் 58 செ.மீ. பின்னுக்குப் போய்த் திரும்பும். மாடலில் அது பதினாறரை மில்லிமீட்டர். மேன்ட்லெட்டின் கழுத்துக்குள் போய் வரும் அந்த நீளத்தில் தூசி தங்காது, வழித்துவிடப்படும். வழித்த தூசி கழுத்தின் வாயில் மசகோடு சேர்ந்து ஒரு வளையமாக நிற்கும். உலோகப் பளபளப்பு காட்ட விரும்பினால் இந்தக் கழுத்தோரம்தான் சரியான இடம். 6பி பென்சிலின் முனையைத் தூளாக்கி விரலால் லேசாகத் தேய்த்தால் போதும், வெள்ளிப் பெயின்ட் வேண்டவே வேண்டாம். இந்த ஒரு வளையம் பீரங்கி உண்மையிலேயே இயங்குகிறது என்ற உணர்வைத் தருகிறது. கரி அடிப்பதில் மணிக்கணக்காகப் போராடுபவர்கள் இதைச் செய்வதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

பளபளப்புக்கு இன்னும் சில இடங்கள். ஓட்டுநரும் ரேடியோக்காரரும் ஏறி இறங்கும்போது குழலின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்வது இயல்பு. கைபட்ட இடம் உலோகமாகத் தெரியாது, மற்ற இடத்தைவிடச் சற்று வழவழப்பாகத் தெரியும். மேட் வார்னிஷுக்குப் பிறகு அந்த இடத்தைத் துணியால் தேய்த்தாலே வந்துவிடும். தழைகளையும் வலையையும் கம்பியால் கட்டியிருந்தால் சுற்றுவட்டமாகச் சிராய்ப்பு இருக்கும். பயணத்தின்போது குழலைத் தாங்கிப் பிடிக்கும் கொக்கி உள்ள டாங்கிகளில், அந்தக் கொக்கி கவ்வும் இடத்தில் அடிப்பக்கம் பெயின்ட் தேய்ந்திருக்கும். ஷெர்மன்களில் பல வகைக்கு அது முன்தட்டில், லெப்பர்ட் 2-க்குப் பின்புற எஞ்சின் தளத்தில். குழலைக் கொக்கிமேல் வைத்துப் பார்த்து, படும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் சிப்பிங், அதாவது பெயின்ட் பெயர்ந்த தடம், செய்யுங்கள். குழல் முழுக்கத் தூவினாற்போல் சிப்பிங் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குழலின்மேல் யாரும் பூட்ஸ் காலோடு நடப்பதில்லை, பெட்டிகளை இழுப்பதில்லை. பெயின்ட் எதற்காகப் பெயர வேண்டும்?

துருவும் அப்படித்தான். பெயின்ட் போன இடத்தில் மட்டுமே துரு வரும், அதையும் குழுவினர் எண்ணெயால் துடைத்துவிடுவார்கள். ராணுவ முகாம் வாசல்களிலும் பூங்காக்களிலும் நிற்கும் டாங்கிகளைப் பார்த்து இந்த விஷயத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆண்டுக்கணக்கில் மழையில் நின்று, அவ்வப்போது பளபளக்கும் எனாமல் அடிக்கப்பட்டவை அவை. பணியில் இருக்கும் குழலுக்கும் அவற்றுக்கும் ஒட்டுறவில்லை.

விதிவிலக்கு, எரிந்து கைவிடப்பட்ட டாங்கி. அங்கே நேர்மாறாகச் செய்ய வேண்டும். பெயின்ட் எரிந்து வெளிறிய சாம்பல் திட்டுகளாக நிற்கும், வெறும் எஃகு ஓரிரு நாளிலேயே ஆரஞ்சுத் துரு பிடிக்கும். பின்னுதைப்புத் தாங்கியில் திரவம் போய்விட்டதால் குழல் பின்னுக்குத் தள்ளியபடியே மேன்ட்லெட்டுக்குள் சிக்கி நிற்பதையும் பழைய படங்களில் காணலாம். பின்வாங்கும்போது ஜெர்மானியர்கள் தங்கள் டாங்கிகளைத் தாங்களே தகர்த்துவிட்டுப் போன இடங்களில் இந்தக் காட்சி உண்டு. அப்படி ஒரு டயோரமா (சுற்றுப்புறத்தோடு சேர்ந்த காட்சி மாடல்) செய்வதாக இருந்தால், குழலை ஒரு செ.மீ. போல வெட்டிக் குட்டையாக்கி ஒட்டுவது எந்தத் துருப் பூச்சைவிடவும் பலமாகப் பேசும்.

சூடு பற்றி ஒரு வார்த்தை. டாமியாவின் வெதரிங் மாஸ்டர் டி பெட்டியில் நீலம், சிவப்பு என்று சூடுபட்ட உலோகச் சாயல்கள் வருகின்றன. மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கு அருமையான சாமான். டாங்கிக் குழலில் வைக்காதீர்கள். எஃகு நீலம் பாரிக்கச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் 170 டிகிரி அளவிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். குழல் நீலம் பாரிக்கும் வரை சுட்டுக்கொண்டிருந்தால், அதற்கு வெகு முன்பே உள்ளே போட்ட குண்டு தானே வெடித்துவிடும். போதாக்குறைக்கு வெளியே பெயின்ட் வேறு இருக்கிறது. இடைவிடாமல் சுட்டால் அந்தப் பெயின்ட் வெளிறும், பழுப்பேறும், கொப்புளித்து உரியும். ஆனால் அது பெரும்பாலும் தொலைவிலிருந்து குண்டு மழை பொழியும் ஹவிட்சர் பீரங்கிகளின் கதை. 2017-இல் சிரியாவின் ராக்கா நகர்ப் போரில் அமெரிக்க மரைன் பீரங்கிப் பிரிவு ஒன்று ஐந்து மாதத்தில் சுமார் 35,000 குண்டுகளைச் சுட்டு, இரண்டு குழல்களை எரித்தே தீர்த்தது என்று அமெரிக்கப் படைத் தரப்பில் சொன்னார்கள். டைகர் ஒரு முறை ஏற்றிக்கொண்டு புறப்படுவது 92 குண்டுகள். டாங்கிச் சண்டையில் சில குண்டுகளில் விஷயம் முடிந்துவிடும்.

துனீசியா டைகர் என்பதால் உங்களுக்கு ஒரு யோசனை. இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கும் டைகர் 131, 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கியது. சர்ச்சில் டாங்கி சுட்ட ஆறு பவுண்டர் குண்டு ஒன்று அதன் குழலின் அடிப்பக்கத்தில் பட்டுத் தெறித்து, டரட் சுழலும் வளையத்தில் போய் இறங்கியது. டரட் சிக்கிக்கொண்டது, குழுவினர் டாங்கியை விட்டுவிட்டு ஓடினார்கள். 131-ஐயே செய்கிறீர்கள் என்றால் குழலடியில் அந்தக் காயம் இருந்தே ஆக வேண்டும். அரைவட்ட அரத்தால் ஆழமில்லாத ஒரு பள்ளம், விளிம்பில் லேசாக மேலெழுந்த உலோகம், உள்ளே கன்மெட்டல், ஓரத்தில் துளி ஆரஞ்சு. உலோகக் குழல் வாங்கியிருந்தால் இதைச் செய்வது இன்னும் சுலபம். வேறு டைகர் என்றால் இந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. அப்படி அடிபட்ட குழலோடு எந்தக் குழுவும் தொடர்ந்து சுடத் துணியாது.

நிறம் சார்ந்த சில விவரங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிந்தைய ஜெர்மன் டாங்கிகளில், குறிப்பாக 1944-45 பாந்தர்களில், குழல் மட்டும் அடர்சாம்பலாக இருக்கும் படங்கள் உண்டு. மாற்றுக் குழல்கள் சூடு தாங்கும் சாம்பல் பூச்சோடு வந்து, மேல்நிறம் அடிக்க நேரமில்லாமல் அப்படியே போருக்குப் போனவை. வெதரிங்கே செய்யாமல் குழலுக்குக் கதை சேர்க்கும் வழி இது. நார்மண்டியில் பிரிட்டிஷாரின் ஃபயர்ஃப்ளை ஷெர்மன்களின் நீண்ட 17 பவுண்டர் குழலை எதிரி தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு முதலில் அதையே குறிவைத்ததால், குழலின் முன்பாதியின் அடிப்பக்கத்தை அலைக்கோட்டோடு வெள்ளையாக்கிக் குட்டைக் குழல்போலக் காட்டப் பார்த்தார்கள். அந்த வெள்ளையில் கரியும் தூசியும் மிக அழகாக அமரும். ஜெர்மன் குழல்களில் வீழ்த்திய டாங்கிகளின் கணக்காக வெள்ளை வளையங்கள் போட்டிருந்தால் வெதரிங்குக்கு முன்பே அவற்றை வரைந்துவிடுங்கள். பிரேக்குக்குச் சற்றுப் பின்னால் வருபவை என்பதால் முதல் வளையமாவது கொஞ்சம் அழுக்காக இருக்க வேண்டும். இஸ்ரேலிய டாங்கிகளில் வளையத்துக்கு வேறு வேலை, எந்த பட்டாலியன் என்று காட்டுவது. அதை வீழ்த்திய கணக்கென்று நினைத்து இஷ்டத்துக்குக் கூட்டிவிடக் கூடாது.

இப்போது லெப்பர்ட் 2. ஏன் முறை மாறுகிறது என்றால், நீங்கள் வெளியே பார்ப்பதில் பெரும்பகுதி குழலே இல்லை. அதன் 120 மி.மீ. ரைன்மெட்டால் குழலுக்கு மேல் வெப்ப உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. வெயில் ஒரு பக்கம் படும், மழை மேல்பக்கத்தை மட்டும் குளிர்விக்கும். அப்படி ஏறுமாறாகச் சூடானால் குழல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். ஒரு மில் கோணம் (ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் விலகல்) தவறினாலே 1,500 மீட்டர் தூரத்தில் குண்டு ஒன்றரை மீட்டர் விலகிப்போகும். அதைத் தடுக்கத்தான் உறை. நடுவில் உப்பியிருக்கும் பகுதி புகை வெளியேற்றி. குண்டு கடக்கும்போது கொஞ்சம் வாயு துளைகள் வழியே அந்த உப்பலுக்குள் புகுந்து நிற்கும். குண்டு வெளியேறி அழுத்தம் குறைந்ததும் அதே வாயு முன்னோக்கிச் சாய்ந்த துளைகள் வழியே குழலுக்குள் பாய்ந்து, மிச்சப் புகையை முனை வழியாக இழுத்துக்கொண்டு போகும். புகை டரட்டுக்குள் வராமல் இருக்க இந்த ஏற்பாடு. எல்லாம் உள்ளேயே நடப்பதால் உப்பலின் வெளியே கரி படிய வழியில்லை. ஆனாலும் அதன் ஓரங்களில் புகை வந்ததுபோல் கறுப்பு அடித்த மாடல்கள் ஏராளம். பெயரைக் கேட்டு அடித்தது போலிருக்கிறது.

லெப்பர்டின் உறையும் புகை வெளியேற்றியும் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக். அங்கே எஃகுச் சிராய்ப்பு, துரு, பென்சில் தூள் எதுவும் கூடாது. அடிபட்டால் பெயின்ட் பெயர்ந்து உள்நிறம் தெரியும், அதுவும் உலோகமாக இருக்காது. உறைத் துண்டுகள் சேரும் இடுக்குகளில் மட்டும் மெல்லிய தூரிகையால் வாஷ், முதுகில் தூசி, முனையில் வெளித்தெரியும் சிறு எஃகு வளையத்தில் சாம்பல் மங்கல், இவ்வளவே போதும். வேண்டுமானால் உறைக்கு மட்டும் அடிநிறத்தை ஒரு துளி வெளிறடித்துத் தனித்துக் காட்டலாம், அது என் ரசனை. குண்டின் உறையே எரிந்துபோகும் வகை வெடிமருந்து என்பதால் முனையிலும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். லெப்பர்ட் 2ஏ6 வகை என்றால் குழல் எல்/55 (விட்டத்தைப் போல் 55 மடங்கு நீளம்), முந்தையதைவிட 1.3 மீட்டர் நீளம், மாடலில் கிட்டத்தட்ட 37 மி.மீ. கூடுதல். நீண்ட வெறும் உருளை கண்ணை உறுத்தும் என்று பயந்து அதை அழுக்கால் நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள்.

ஆவடியில் உருவான விஜயந்தாவை யாராவது செய்தால் அதன் 105 மி.மீ. எல்7 குழலிலும் புகை வெளியேற்றி உண்டு, மேலே சொன்னது அதற்கும் பொருந்தும். பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கி செய்பவர்களுக்குக் கொஞ்சம் கொண்டாட்டம். அதன் வெப்ப உறை துணிபோல் போர்த்திப் பட்டைகளால் கட்டியது. மடிப்புகளில் தூசி, பட்டையோரம் எண்ணெய்க்கறை, வெயிலில் வெளுத்த முதுகு என்று விளையாட நிறைய இடம். எம்1, சேலஞ்சர் போன்றவற்றில் முனையின் மேல் இருக்கும் சிறு ஒளிக்கருவியின் கண்ணாடியில் மட்டும் கரியோ தூசியோ ஏற்றாதீர்கள். குழல் வளைந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் கருவி அது, குழுவினர் அதைத் துடைத்தே வைத்திருப்பார்கள்.

வேலை வரிசை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிளாஸ்டிக் குழல் இரண்டு பாதியாக வந்தால் ஒட்டுக்கோட்டை முழுதாகப் போக்குங்கள். மேலே எவ்வளவு அழகாக அழுக்கு வைத்தாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியக் குழல் என்றால் பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, 1000 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, லாக்கர் பிரைமர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப்போடு பெயின்டும் உரிந்து வரும். உரிந்த இடத்தில் தெரியும் அலுமினிய வெள்ளியைச் சிப்பிங் என்று விட்டுவிடவும் முடியாது, பீரங்கி எஃகு அதைவிட மிகக் கறுப்பு. நம்மூர் ஐப்பசி, கார்த்திகை ஈரப்பதத்தில் லாக்கர் அடித்தால் மேலே வெண்பனிபோல் பூத்துவிடும். மழை விட்ட நாளில், வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். பிறகு அடிநிறம், முதுகில் சற்று வெளிறல், வளையங்களும் எண்களும், அரைப்பளபளப்பு வார்னிஷ், இடுக்குகளில் வாஷ், ஆயில் பெயின்டில் சுற்றுவளைவுத் தடங்கள், மேட் வார்னிஷ். கரியை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். பிக்மென்டின் மேல் வார்னிஷ் அடித்தால் பாதி மறைந்துவிடும், மீதி திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

இப்போது இருக்கும் டைகரைப் பொறுத்தவரை பிரேக்கைப் பிய்த்தெடுத்து மறுபடி பெயின்ட் அடிக்கத் தேவையில்லை. துடைத்தபோது மூலைகளில் மிஞ்சிய கறுப்பு உட்சுவருக்கு நல்ல அடித்தளமாகவே இருக்கும். உச்சிக்கும் அடிக்கும் மட்டும் டாங்கியின் நிறத்தை மெல்லியதாக ஒரு தடவை ஏற்றி, காய்ந்ததும் மண்தூசி பிக்மென்டை முதுகில் தூவி, தூரிகை நுனியால் ஒரு சொட்டு வொயிட் ஸ்பிரிட்டைப் பக்கத்தில் தொட்டு ஓடவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தூசியே காணாமல் போனதுபோல் தோன்றும். அப்போது மேலும் தூவாமல் அரைமணி நேரம் காத்திருங்கள், காய்ந்ததும் திரும்ப வெளுத்து வரும்.